முதன்முறையாக இஃதிகாஃப் இருக்கப் போகிறீர்களா? கடைசிப் பத்தில் உங்கள் சொந்த துஆவுக்கு நேரம் காக்கும் வழி

ரமலானில் எல்லோரும் சேர்ந்து செய்கிற அமல்களுக்கு ஊரே ஏற்பாடு செய்கிறது. கஞ்சி காய்ச்ச ஆள் வருகிறார். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹைத் தொழவைக்க, குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிஸ் வருகிறார். 27-ஆம் இரவு பயானுக்கு (மார்க்க உரைக்கு) ஒரு மாதம் முன்பே ஹஜ்ரத்துக்குச் (ஆலிமுக்குச்) சொல்லி வைக்கிறார்கள். நீங்கள் தனியாக உட்கார்ந்து, கையேந்தி, உங்கள் வார்த்தையில் அல்லாஹ்விடம் கேட்கிற துஆவுக்கு மட்டும் யாரும் ஏற்பாடு செய்து தர முடியாது. அதை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

அல்பகரா சூராவில் நோன்பின் சட்டங்கள் 183-ஆம் வசனத்தில் தொடங்கி 187-இல் முடிகின்றன. அந்த வரிசையின் நடுவே, 186-ஆம் வசனத்தில், "என் அடியார்கள் உம்மிடம் என்னைப் பற்றிக் கேட்டால், நான் அருகில்தான் இருக்கிறேன்; அழைப்பவர் அழைக்கும்போது பதில் தருகிறேன்" என்று அல்லாஹ் சொல்கிறான். அடுத்த வசனத்திலேயே பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருப்பது, அதாவது வணக்கத்துக்காக வெளியே போகாமல் பள்ளியிலேயே தங்குவது பற்றி வருகிறது. நோன்பு, தனி துஆ, இஃதிகாஃப் மூன்றும் இப்படி ஒரே இடத்தில் வருகின்றன.

ஆனால் முதல்முறை இஃதிகாஃப் முடித்து வருகிற பலரும் சொல்வது ஒன்றுதான்: "பத்து நாளும் நன்றாகப் போனது, மனம்விட்டு துஆ கேட்கத்தான் நேரம் அமையவில்லை." எனக்கும் முதல் தடவை பாதி நாட்கள் வாளி, போர்வை, சாப்பாட்டு டிபன், ஆபீஸ் போன் என்றே கழிந்தன. முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். நீங்கள் அந்தச் சிரமம் இல்லாமல் உட்கார வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் இருப்பது சென்னையில். நேரமும் செலவும் சென்னைக் கணக்கில்தான் இருக்கும், உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. எத்தனை நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ரமலான் கடைசிப் பத்து முழுவதும் இருப்பதுதான் சுன்னத்தான (நபிவழியான) இஃதிகாஃப். நபி (ஸல்) அவர்கள் வஃபாத் ஆகும்வரை ஒவ்வொரு ரமலானிலும் கடைசிப் பத்து நாள் இருந்தார்கள், வஃபாத்தான ஆண்டில் இருபது நாள் இருந்தார்கள் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. இதற்கு 20-ஆம் நோன்பு அன்று மஃரிபுக்கு (சூரியன் மறையும் நேரத் தொழுகைக்கு) முன்பே பள்ளிக்குள் இருக்க வேண்டும். ஷவ்வால் பிறை உறுதியானதும் முடியும்.

இங்கே புதியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. நம் கணக்கில் இரவு முதலில், பகல் பிறகு. 21-ஆம் இரவு என்றால் 20-ஆம் நோன்பு திறந்த பிறகு வருகிற இரவு. 21-ஆம் நோன்பு திறந்துவிட்டுப் போனால் முதல் ஒற்றைப்படை இரவு கையை விட்டுப் போய்விடும். லைலத்துல் கத்ரை (கண்ணியமிக்க இரவை) கடைசிப் பத்தின் ஒற்றை இரவுகளில் தேடச் சொல்லியிருக்கும்போது அதில் முதலாவதையே இழக்க வேண்டாம்.

பத்து நாள் முடியாதவர்கள் நஃபிலான (கூடுதல் வணக்கமான) இஃதிகாஃப் என்ற நிய்யத்தில் ஒரு நாளோ, ஓர் இரவோ, சில மணி நேரமோ இருக்கலாம். வார இறுதி இரண்டு இரவுகளை இப்படி வைத்துக்கொள்கிற கம்பெனி ஊழியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்து நாள் என்று தொடங்கிவிட்டு ஐந்தாம் நாள் ஆபீசுக்கு ஓடுவதை விட, இரண்டு இரவு என்று நினைத்து இரண்டையும் முழுதாக இருப்பது மேல். நேர்ச்சை செய்த இஃதிகாஃப் என்றால் அது வாஜிப் (கட்டாயம்). அதற்குத் தனிச் சட்டம் உண்டு, ஹஜ்ரத்திடம் நேரில் கேளுங்கள்.

2. பள்ளியைத் தேர்ந்தெடுங்கள், பெயரைச் சீக்கிரம் கொடுங்கள்

பெரிய பள்ளி, பெயர்பெற்ற பள்ளி என்று பார்க்காதீர்கள். தனியாக துஆ கேட்க வேண்டும் என்பவருக்கு நாற்பது பேர் இருக்கிற பள்ளியை விட ஆறேழு பேர் இருக்கிற மஹல்லா பள்ளியே நல்லது. ரமலான் தொடங்கும் முன், ஷஃபான் மாதத்திலேயே ஒரு நாள் இஷாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

பார்க்க வேண்டியவை: கழிப்பறையும் குளிக்கும் இடமும் எங்கே, எத்தனை, இரவில் பூட்டுவார்களா. திரை கட்டத் தூணோ ஜன்னல் கம்பியோ இருக்கிறதா. மின்விசிறி நேர் கீழே இடம் கிடைக்குமா. இரவு எல்லா விளக்கையும் அணைப்பார்களா, ஒரு விளக்காவது எரியுமா. கடைசிப் பத்தில் நள்ளிரவுத் தொழுகையை ஜமாஅத்தாக நடத்துகிறார்களா, நடத்தினால் எத்தனை மணிக்கு.

இவற்றை விட முக்கியமான கேள்வி ஒன்றை மோதினாரிடமோ இமாமிடமோ கட்டாயம் கேளுங்கள்: "பள்ளியின் எல்லை எதுவரை?" ஹவுளும் (ஒளு செய்யும் தொட்டியும்) வராண்டாவும் மதரஸா அறையும் செருப்பு வைக்கும் திண்ணையும் ஒரே வளாகத்துக்குள் இருந்தாலும், எல்லாமே மஸ்ஜிதாக வக்ஃப் செய்யப்பட்டிருக்காது. காரணமில்லாமல் அங்கே போய் நின்று பேசினால் சுன்னத் இஃதிகாஃப் முறியும் என்பது ஹனஃபி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) சட்டம். மாடித் தளம் எல்லைக்குள் வருமா என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். இமாம் விரல் நீட்டிக் காட்டுகிற கோட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பெயர் கொடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். சில பள்ளிகளில் முதல் பத்து முடியும்போதே பட்டியலை மூடிவிடுகிறார்கள், சாப்பாட்டுக் கணக்கு போட வேண்டுமே. வாய்வார்த்தையாக "வாங்க பாய், பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பிப் பாயும் தலையணையுமாகப் போய், "இடம் நிறைஞ்சுடுச்சே" என்ற பதிலோடு நான் வேறு பள்ளியைத் தேடி அலைந்திருக்கிறேன். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். நோட்டில் பெயர் எழுதுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். 15-ஆம் நோன்புவாக்கில் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

3. ஆவணங்களும் அனுமதியும்

எல்லாப் பள்ளியும் கேட்காது. கேட்டால் கொடுக்கத் தயாராக ஒரு கவரில் போட்டு வையுங்கள்:

- ஆதார் நகல் ஒன்று, பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஒன்று.
- வேறு மஹல்லாவைச் சேர்ந்தவர் என்றால் உங்கள் ஜமாஅத்திலிருந்து ஓர் அறிமுகக் கடிதம். முத்தவல்லியோ செயலாளரோ கையெழுத்துப் போட ஒரு வாரம் ஆகலாம், முன்பே கேளுங்கள்.
- அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இரண்டு பேரின் நம்பர், தாளில் எழுதியது.
- தினசரி மருந்து சாப்பிடுபவர் என்றால் மருந்துச் சீட்டு நகல்.
- பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை உடன் வந்தால் பெற்றோரின் சம்மதக் கடிதம்.

விடுப்புதான் பெரிய தலைவலி. பத்து நாளில் வார விடுமுறை போக ஆறு முதல் ஒன்பது வேலை நாள் வரும். ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகர்கிறது. 2026-இல் கடைசிப் பத்து மார்ச் நடுவில் வந்தது. 2027-இல் பிறையைப் பொறுத்துப் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது ஆண்டு முடிகிற நெருக்கடி, வீட்டில் பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளை இருந்தால் இன்னும் நெருக்கடி. இரண்டு மாதம் முன்பே மேலாளரிடம் பேசி, மெயிலில் எழுதி வாங்குங்கள். தேதி போடும்போது முன்னும் பின்னும் ஒரு நாள் கூட்டிப் போடுங்கள். பிறை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சமாளிக்கலாம்.

வீட்டில் சம்மதம் வாங்குவதையும் ஆவணம் போலவே கருதுங்கள். பெருநாள் துணி, ஃபித்ரா (பெருநாள் தர்மம்), பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர், வயதான அத்தாவின் டாக்டர் நாள் எல்லாவற்றையும் 20-ஆம் நோன்புக்கு முன் முடித்து வையுங்கள். மனைவி ஒருவர் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் மனம் துஆவில் நிற்காது. நிற்கவும் கூடாது.

4. செலவுக் கணக்கு

பள்ளியில் தங்குவதற்குக் கட்டணம் கிடையாது. இஃப்தார் கஞ்சியும் வடையும் பள்ளியிலேயே கிடைத்துவிடும். இரவுச் சாப்பாடும் சஹரும் (விடியலுக்கு முன் நோன்பு வைக்கும் சாப்பாடும்) மூன்று விதமாக நடக்கிறது: மஹல்லாக்காரர்கள் முறைவைத்துக் கொடுப்பார்கள், அல்லது ஜமாஅத் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சமைக்கும், அல்லது அவரவர் வீட்டிலிருந்து வரும். எது என்று பெயர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

ஹோட்டலிலிருந்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு வேளைக்கு 120 முதல் 150 ரூபாய் என்று வைத்து, இரண்டு வேளைக்குப் பத்து நாளில் 2,400 முதல் 3,000 ரூபாய் வரை ஆகும். வாங்கி வந்து தர ஆள் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், நீங்கள் வெளியே போக முடியாது. ஹோட்டல் பிரியாணியும் பரோட்டாவும் சஹருக்கு வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. லுஹருக்குள் நாக்கு வறண்டுவிடும்.

பாய், போர்வை, தலையணை, திரைக்குப் பழைய பெட்ஷீட் இரண்டு, நாடாக் கயிறு, சின்ன வாளி, சொம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், நகம்வெட்டி, மிஸ்வாக், மூன்று கைலி, மூன்று சட்டை, கொசுவுக்குத் தடவும் களிம்பு. வீட்டில் இருப்பதை எடுத்தால் இதற்கெல்லாம் 300 ரூபாய்க்குள்தான் புதிதாகச் செலவு. சம்பளம் பிடித்தம் ஆகிற விடுப்பு என்றால் அதுதான் உண்மையான செலவு. மாதம் 30,000 வாங்குபவருக்கு ஏழு நாள் பிடித்தம் 7,000 ரூபாய். ரஜப் மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தால் பெருநாள் செலவில் இடிக்காது.

உள்ளே இருந்தபடி கடன்காரர் போன் வராத அளவுக்குச் சில்லறைக் கடன்களையும் அடைத்துவிட்டுப் போங்கள்.

5. துஆ நோட்டு தயார் செய்யுங்கள்

ஒருவர் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யட்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் நோன்பிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். 20-ஆம் நோன்புக்குள் நிரம்பிவிடும்.

ஏன் எழுத வேண்டும்? இரவு இரண்டு மணிக்குக் கையேந்தினால் இரண்டு நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடும். "யா அல்லாஹ், எல்லாருக்கும் நல்லதைக் கொடு" என்று முடித்துவிட்டு, அப்புறம் என்ன கேட்பது என்று தெரியாமல் கையைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவோம். அல்லாஹ்வுக்கு எல்லாம் தெரியும்தான். ஆனாலும் அடியான் வாய்திறந்து கேட்பதை அவன் விரும்புகிறான். நோட்டு அவனுக்காக இல்லை, மறந்துவிடுகிற நமக்காக.

போனில் எழுதாதீர்கள். துஆவுக்காகப் போனைத் திறந்தால் கண் வாட்ஸப்புக்குப் போகும்.

எப்படி எழுதுவது? பொதுவாக எழுதாமல் குறிப்பாக எழுதுங்கள். "என் கடனைத் தீர்த்து வை" என்பதை, "நகையை அடகு வைத்து வாங்கிய ஒன்றரை லட்சத்தை வட்டியின் பாவத்திலிருந்து வெளியேறும் வழியோடு தீர்த்து வை" என்று எழுதுங்கள். "பிள்ளையை நல்லவனாக்கு" என்பதை, "மகனுக்கு சுப்ஹுக்கு எழுகிற பழக்கத்தைக் கொடு, அவன் கோபத்தைக் குறை, அவன் பேச்சைக் கேட்கிற பொறுமையை எனக்குக் கொடு" என்று எழுதுங்கள். இப்படி எழுதும்போதே நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெளிவாகும். சில தேவைகள் எழுதும்போதே சிறியதாகிவிடும், சில பெரிதாகும்.

முதல் சில பக்கங்களை நன்றிக்கு விடுங்கள். கேட்பதற்கு முன் அல்லாஹ்வைப் புகழ்வதும் நபி (ஸல்) மீது ஸலவாத் சொல்வதும் துஆவின் ஒழுங்கு. அடுத்து பாவமன்னிப்பு. இந்தப் பக்கத்தில் பாவத்தை விவரித்து எழுதாதீர்கள், யார் கண்ணிலாவது படும். அடையாளத்துக்கு ஒரு சொல் போதும், உங்களுக்குப் புரிந்தால் சரி. அடுத்து பெற்றோர், மனைவி மக்கள், கூடப்பிறந்தவர்கள், மௌத்தானவர்கள். பிறகு உங்களிடம் "எனக்காக துஆ செய்ங்க" என்று சொன்னவர்கள். பெயரையும் தேவையையும் அப்போதே குறித்துவிடுங்கள். நாம் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிற அந்த வாக்கு ஓர் அமானிதம்.

உங்களுக்கு அநியாயம் செய்தவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எடுத்த எடுப்பில் வராது. நான் இருந்த பள்ளியில் பக்கத்துத் திரையில் ஒரு பெரியவர் இருந்தார். காக்கி அட்டை போட்ட பழைய ரேஷன் கடை நோட்டில் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்திருந்தார். ஒரு பெயருக்கு வந்தால் மட்டும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு ஓதுவார். பாகப்பிரிவினையில் பேச்சு முறிந்த தம்பியின் பெயராம் அது. ஒவ்வோர் இரவும் அதை அவர் தாண்டிப் போகவே இல்லை, அங்கே நின்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார்.

மொழியைப் பற்றி ஒரு தயக்கம் பலருக்கும் இருக்கிறது. தொழுகைக்கு வெளியே, கையேந்திக் கேட்கும்போது தாராளமாகத் தமிழில் கேளுங்கள். அல்லாஹ்வுக்குப் புரியாத மொழி கிடையாது. தொழுகைக்குள் ஸஜ்தாவில் கேட்பதற்கு ஹதீஸில் வந்த அரபி துஆக்களை மனனம் செய்யுங்கள். ஸஜ்தாவில்தான் அடியான் தன் ரப்புக்கு மிக நெருக்கமாக இருக்கிறான், அதில் அதிகம் துஆ கேளுங்கள் என்று முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது.

அரபி துஆக்களில் சிலவற்றை மட்டும் பொருளோடு கற்றுக்கொண்டு போங்கள். பெரிய துஆத் தொகுப்பைத் தூக்கிப் போனால் படித்துத் தள்ளுவதிலேயே நேரம் போகும்.

- ஆயிஷா (ரலி) அவர்கள் லைலத்துல் கத்ரில் என்ன கேட்பது என்று கேட்டபோது நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது: "அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஅஃபு அன்னீ". யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புகிறவன், என்னை மன்னித்துவிடு.
- ஆதம் (அலை) கேட்ட "ரப்பனா ளலம்னா அன்ஃபுஸனா" (7:23).
- யூனுஸ் (அலை) மீன் வயிற்றில் இருந்து அழைத்தது (21:87).
- இம்மை மறுமை நன்மைக்கான "ரப்பனா ஆத்தினா" (2:201).
- பெற்றோருக்காக "ரப்பிர்ஹம்ஹுமா கமா ரப்பயானீ ஸகீரா" (17:24).
- மனைவி மக்களுக்காக 25:74.

6. துஆவுக்கு மணி ஒதுக்குங்கள்

"நேரம் கிடைக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்" என்று விட்டால் கிடைக்காது. ஐந்து நேரங்களை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதி. "என்னிடம் கேட்பவர் உண்டா, நான் கொடுக்கிறேன்" என்று அல்லாஹ் அழைக்கிற நேரமாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது இதுதான். கணக்குப் போடுவது எளிது. மஃரிப் மாலை 6.20, சுப்ஹு அதிகாலை 5.10 என்றால் இரவின் நீளம் 10 மணி 50 நிமிடம். அதில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 3 மணி 37 நிமிடம். 5.10-இலிருந்து பின்னால் கழித்தால் 1.33. அதாவது ஒன்றரை மணிக்கு மேல் எழுந்தால் போதும். தராவீஹ் முடிந்து 10.30-க்குப் படுத்தால் மூன்று மணி நேரம் தூங்கிவிடலாம். ஒளு செய்து, தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) தொழுது, இரண்டரை மணியளவில் நோட்டைத் திறங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பல பள்ளிகளில் இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஜமாஅத்தாகக் கியாமுல் லைல் தொழுது, நீண்ட கூட்டு துஆவும் ஓதுவார்கள். அதில் கலந்துகொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் இமாம் ஓதுகிற துஆவுக்கு ஆமீன் சொல்வதோடு உங்கள் பங்கு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் மகளின் திருமணமும் உங்கள் நெஞ்சில் உறுத்துகிற பாவமும் இமாமுக்குத் தெரியாது. கூட்டுத் தொழுகை மூன்று மணிக்கு என்றால் இரண்டு மணிக்கே எழுந்து உங்களுடையதை முடித்துவிடுங்கள்.

சஹர் நேரத்தின் கடைசிக் கால் மணி. சஹர் வேளைகளில் பாவமன்னிப்புத் தேடுபவர்களைக் குர்ஆன் (51:18) புகழ்கிறது. நாம் அந்த நேரத்தில்தான் அவசர அவசரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்போம். சாப்பாட்டை அரை மணி முன்பே முடியுங்கள்.

பாங்குக்கும் இகாமத்துக்கும் (ஜமாஅத் தொடங்கும் அழைப்புக்கும்) இடையே. இந்த நேரத்து துஆ மறுக்கப்படாது என்று ஹதீஸ் உண்டு. ஐந்து வக்துக்கும் பத்துப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய நேரம். உள்ளேயே இருப்பதால் உங்களுக்கு இது சுலபம். வெளியிலிருந்து வருபவர்கள் ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுப்பார்கள். முன் ஸஃப்பில் சுன்னத் தொழுதுவிட்டுக் கையேந்திவிட்டால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

நோன்பு திறப்பதற்கு முன். நோன்பாளியின் துஆ நோன்பு திறக்கும்வரை மறுக்கப்படாது என்று திர்மிதியில் வருகிறது. இதுதான் மிகவும் வீணாகிற நேரம். கஞ்சிக் கலயங்களை வரிசையாக வைப்பது, வாழைப்பழம் பிரிப்பது, பிள்ளைகளை உட்காரவைப்பது, பேரீச்சம்பழம் எனக்கு வரலியே என்ற குரல். மோதினார் மைக்கைத் தட்டும்வரை பள்ளி சந்தை போல இருக்கும். பரிமாறும் நன்மையும் வேண்டும் என்றால் அஸர் முடிந்த கையோடு ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு, மஃரிபுக்கு இருபது நிமிடம் முன்பு உங்கள் திரைக்குள் போய்விடுங்கள். ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கையோடு எடுத்துப் போனால் கடைசி நிமிடத்தில் எழுந்து வர வேண்டியதில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. கடைசிப் பத்தில் ஒன்று அல்லது இரண்டு ஜும்ஆதான் வரும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

27-ஆம் இரவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஊரே பள்ளியில் இருக்கும். பயான், தஸ்பீஹ் தொழுகை, ஸம்ஸா, டீ என்று சஹர் வரை கூட்டம் குறையாது. தனித் துஆவுக்கு 26-ஆம் நோன்பின் அஸர் முதல் மஃரிப் வரையும், இஷாவுக்கு முன்பும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஒற்றை இரவுகளான 21, 23, 25, 29 அமைதியாக இருக்கும். முக்கியமாக 29. பெருநாள் கடைத்தெருவுக்கு ஊர் கிளம்பிவிட, பள்ளி காலியாகக் கிடக்கும். அந்த இரவைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

7. எல்லையும் போனும்

இயற்கைக் கடன், கடமையான குளிப்பு, பள்ளிக்குள் வசதி இல்லாத ஒளு ஆகியவற்றுக்கு வெளியே போகலாம். நீங்கள் இருக்கும் பள்ளியில் ஜும்ஆ இல்லையென்றால் ஜும்ஆவுக்குப் போகலாம். வியர்வைக்காகக் குளிப்பது, ஜனாஸாவுக்குப் போவது, நோயாளியைப் பார்ப்பது ஆகியவற்றில் ஹனஃபி, ஷாஃபி சட்டங்களுக்கு இடையே விவர வேறுபாடுகள் உண்டு. உங்கள் மத்ஹபைச் சொல்லி, உள்ளே நுழையும் முன்பே இமாமிடம் ஒரு தாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அப்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

போனை வீட்டில் விட முடிந்தால் விட்டுவிடுங்கள். முடியாதவர்கள் ஒரு பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டுக்கொண்டு போகலாம். வீட்டாருக்கு ஒரு நேரம் சொல்லுங்கள்: லுஹர் தொழுகை முடிந்து பத்து நிமிடம் பேசலாம். ஆபீசுக்கு அதுவும் வேண்டாம்.

பேச்சுதான் போனை விடப் பெரிய சோதனை. நல்ல மனிதர்கள் கூடியிருக்கும்போது தராவீஹ் முடிந்து பேச்சு தொடங்கினால் நள்ளிரவு ஆகிவிடும். முதல் நாளே திரையை மூடிவிட்டால் அது பழகிவிடும். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

8. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இரவு விழித்தால் பகலில் தூங்கியே ஆகவேண்டும். சுப்ஹு தொழுது, சூரியன் உதித்த பின் இஷ்ராக் தொழுதுவிட்டு ஒன்பதரை வரை தூங்குங்கள். லுஹருக்குப் பின் அரை மணி. தூக்கத்தைத் தியாகம் செய்வதாக நினைத்துப் பகலிலும் விழித்திருந்தால் 24-ஆம் நோன்புக்குள் உடம்பு விழுந்துவிடும், மிச்ச இரவுகள் தலைவலியில் போகும்.

மஃரிபிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றி வாங்குங்கள். சுன்னத் இஃதிகாஃபுக்கு நோன்பு நிபந்தனை என்பது ஹனஃபி சட்டம். ஆகவே உடம்பு இடம் தருமா என்று உள்ளே போன பிறகு யோசிக்கக் கூடாது.

9. பெண்களுக்கும் பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கும்

ஹனஃபி மத்ஹபில் பெண்கள் வீட்டில் தொழுகைக்கென்று ஒதுக்கிய இடத்தில் இஃதிகாஃப் இருக்கலாம். ஷாஃபி மத்ஹபில் பள்ளிவாசல்தான் இடம். பெண்களுக்குத் தனி ஏற்பாடு உள்ள பள்ளி அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இஃதிகாஃப் இருக்க வாய்ப்பில்லாத பெண்களும், கைக்குழந்தை உள்ளவர்களும், இரவு ஷிஃப்ட் வேலை செய்பவர்களும் துஆ நோட்டையும் 6-ஆம் படியையும் அப்படியே வீட்டில் செய்யலாம். சஹருக்கு அடுப்பு மூட்டும் முன் இருபது நிமிடம் முன்னதாக எழுந்தால் இரவின் கடைசிப் பகுதி உங்களுக்கும் கிடைக்கிறது. இஃப்தாருக்கு முந்தைய நேரத்தில் வடை பொரிப்பதைக் குறைக்கச் சொல்லி வீட்டு ஆண்களிடம் தைரியமாகக் கேளுங்கள். ஐந்து வகைப் பலகாரத்தில் மூன்று குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நேரத்து துஆவை இழந்தால் உங்களுக்கு நஷ்டம்.

மாதவிடாய் நாட்களில் தொழுகையும் நோன்பும் இல்லை. துஆவும் திக்ரும் ஸலவாத்தும் இஸ்திஃபாரும் உண்டு. "எனக்கு இந்த வருஷம் லைலத்துல் கத்ர் இல்லை" என்று அழுகிற பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

10. கேட்டது உடனே கிடைக்கவில்லை என்றால்

மூன்றாம் நாள், நான்காம் நாள் ஒரு சோர்வு வரும். அதே பட்டியல், அதே பெயர்கள், மனசு காய்ந்தது போல இருக்கும். "கேட்டேன், பதில் வரவில்லை" என்று அவசரப்படாதவரை உங்கள் துஆ ஏற்கப்படும் என்று நபி (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அழுகை வந்தால்தான் துஆ என்று யாரும் சொல்லவில்லை. வராத இரவில் நோட்டைத் திறந்து வாசிப்பது போலவாவது கேட்டுவிடுங்கள். களைப்பாக இருந்தால் பட்டியலை மூன்றாகப் பிரித்து ஓர் இரவுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். பாவமன்னிப்புப் பக்கத்தை மட்டும் எந்த இரவும் விடவேண்டாம்.

11. பிறை தெரிந்ததும்

29-ஆம் நோன்பு அன்று மாலை மூட்டையைக் கட்டிவிட்டு உட்காராதீர்கள். தலைமை காஜியின் அறிவிப்பு வர இஷா தாண்டலாம். உங்கள் பள்ளி எந்த அறிவிப்பைப் பின்பற்றுகிறதோ அது வரும்வரை உள்ளேயே இருங்கள். பிறை இல்லையென்றால் இன்னோர் இரவு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது திரையை அவிழ்த்து, நாடாக் கயிற்றையும் தூணிலிருந்து கழற்றி, உங்கள் இடத்தைக் கூட்டிவிட்டுப் போங்கள். மீதிப் பழம், பிஸ்கட் இருந்தால் மோதினாரிடம் கேட்டுத் தேவைப்படுபவருக்குக் கொடுங்கள். துஆ நோட்டில் மற்றவர்களின் குடும்ப விஷயங்கள் இருக்கும். அந்தத் தாள்களைத் தனியே கிழித்து எடுங்கள். அல்லாஹ்வின் பெயர் எழுதியவை என்பதால் குப்பையில் போடாமல் பழைய குர்ஆன் தாள்களுக்குப் பள்ளி வைத்திருக்கும் பெட்டியில் சேர்க்கும் முன், எழுத்தை நன்றாக அடித்துவிடுங்கள்.

ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்தாக வேண்டும். பெருநாள் இரவு பத்து மணிக்கு வெளியே வந்து ஏழை வீட்டைத் தேடுவது கடினம். அதனால் 20-ஆம் நோன்புக்கு முன்பே தலைக்கு எவ்வளவு என்று அந்த ஆண்டின் தொகையை இமாமிடம் கேட்டு, வீட்டில் உள்ளவர்கள் எண்ணிக்கையால் பெருக்கி, யாருக்குக் கொடுப்பது என்ற பெயரோடு மனைவியிடமோ தம்பியிடமோ பணத்தை ஒப்படைத்துவிட்டு உள்ளே போங்கள்.